அந்த ஊர்க்காரன்

நகராட்சிப் பதிவறையில் எனக்கு வேலை.
பிறப்பு, மணம், இறப்பு: மூன்று இரும்பு அலமாரிகள்.
இறப்பின் கதவு உதைத்தால்தான் திறக்கும்.
வாரத்துக்கு ஐந்தாறு கடிதம் பிரேசிலிலிருந்து.
இன்றையது வால்தெசிர் விசெந்திம் எழுதியது.
1888இல் பதினாலு வயதில் கப்பலேறிய
கொள்ளுத்தாத்தா சாந்தெயின் பிறப்புச் சான்று வேண்டுமாம்.
அடியில் ஒரு கேள்வி, கட்டணத்தில் சேராதது:
"எங்கள் பெயர் விசென்ஸா நகரத்தின் பெயர்தானே?
அங்கே போனால் எங்கள் ஆட்கள் நிறைய இருப்பார்களா?"

வால்தெசிர்,
நானும் அதே பெயர்தான். நீவெஸ் விசெந்தின்.
கடைசி எழுத்தை மட்டும் உங்களுக்கு
துறைமுகத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள்.

விசென்ஸாவில் எவரை
விசென்ஸாக்காரன் என்று கூப்பிடுவார்கள்?
சந்தை நடுவே நின்று கத்திப் பாருங்கள்,
கோழி விற்பவர் முதல் குருவானவர் வரை
எல்லாத் தலையும் திரும்பும்.
அங்கே அவன் பொர்த்தொலோவின் மகன்.
அல்லது நொண்டி.
அல்லது ஆலைக்கு அடுத்த வீடு.

என் அலமாரிகள் 1871இல் தொடங்குகின்றன.
அதற்கு முன்னால் கோயில் புத்தகங்கள்.
அவற்றுக்கும் முன்னால் வெறும் வாய்தான்.
அந்த வாய்க்குள் போய் நானாக நினைத்துக்கொள்வது இது:
பிரெந்தா ஆற்றைக் கடந்து ஒருவன் வருகிறான்.
கம்பளி மூட்டை, ஒரு கோவேறு கழுதை, சளி.
ஏன் வந்தான்? கடனோ, கொலையோ, ஒரு பெண்ணோ.
இக்கரையில் அவன் அப்பனை யாருக்கும் தெரியாது.
"யாரடா அது?"
"அதுவா, அந்த விசென்ஸாக்காரன்."
அன்று சாயங்காலம் அவன் பெற்ற பெயர்
இன்று என் சம்பளச் சீட்டில்.
பூனை தின்னி என்ற பட்டமும் கூடவே வந்தது.
பள்ளிக்கூடத்தில் எனக்கும் மியாவ் மியாவ்தான்.

மதிய இடைவேளையில் வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.
ட்ரெவிசோவில் நெருக்கம், பதோவாவில் நெருக்கம்,
விசென்ஸாவின் மேல் ஏறக்குறைய வெறுமை.
காபிக் கோப்பையை எடுத்த பிறகு
மேசையில் நிற்கும் வட்டக் கறை,
நடுவில் மட்டும் சுத்தமாக.
தூரத்துப் புள்ளிகள் சில தனித்தனியே:
தொரீனோவின் கார் தொழிற்சாலை வாசலில்,
சதுப்பு வற்றிய தெற்கே, என் பெரியப்பா ஜெலிந்தோ
மலேரியாவோடு உழுத நிலத்தில்,
ஆஸ்திரேலியாவில் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில்.
உங்கள் பக்கம் தாள் போதவில்லை.

ஒருமுறை மூக்குக்கண்ணாடி வாங்க
விசென்ஸாவுக்கே போனேன்.
கடைப் பெண் பெயர் கேட்டாள். சொன்னேன்.
தலை நிமிராமல் எழுதிக்கொண்டே,
"நீங்கள் இந்த ஊர் இல்லை, அப்படித்தானே?"

சரி, உங்கள் சாந்தெ.
இங்கே ஒரு சிக்கல்.
1874இல் எங்கள் ஊரில் மூன்று சாந்தெ விசெந்தின்
பிறந்திருக்கிறார்கள்; இருவர் ஒரே மாதத்தில்.
வந்தேறியின் பெயர் இத்தனை பெருகிவிட்டது,
ஒருவரையொருவர் பிரித்தறிய
மறுபடி பட்டப்பெயர் தேவைப்பட்டது.
முதலாமவனின் தகப்பன் "சிவப்பன்" எனப்படுபவர்.
இரண்டாமவன் தகப்பன் "மணியடிப்பவர்".
மூன்றாமவனின் தகப்பன் இளமையில்
ஏழு வருடம் பதோவாப் பக்கம் எருது ஓட்டித்
திரும்பி வந்தவர் போலிருக்கிறது.
ஓரத்தில் பழுப்பு மையில் எழுதியிருக்கிறது:
விசென்ஸாக்காரர், "பதோவாக்காரர்" எனப்படுபவர்.
எழுதியவன் சிரித்தானா என்று
அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மூவரில் உங்களுடையவர் யார்?
உங்கள் வீட்டாரைத் தெருவில் வேறேதாவது சொல்லி
யாராவது கூப்பிடுவார்களா?
பதோவான், பதவாங், அந்த மாதிரி,
அர்த்தம் தெரியாமல், வசவாகவாவது?
விசாரித்து எழுதுங்கள்.
முத்திரை வில்லை பதினாறு யூரோ.
இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.